சிகரெட்டை விட எண்ணுபவருக்கு முதற்கருவி எது?

சென்ற ஆடி மாதத்தில் ஒரு காலைப்பொழுது, தொண்டாமுத்தூரை அடுத்த பாக்குத் தோப்பொன்றிலிருந்து ஒரு தந்தையும் மகளும் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தனர். தந்தைக்கு வயது ஐம்பத்தெட்டு. மூன்று வாரங்களுக்கு முன் கோவையில் அவருடைய இதயக்குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருந்தது. மருத்துவமனையில் படுத்திருந்த ஐந்து நாள்களும் அவர் புகைக்கவில்லை. வீடு திரும்பிய நான்காம் நாள் தோட்டத்துக் கிணற்றடியில் ஒன்றைப் பற்றவைத்தார். எங்களிடம் வந்தபோது அது நாளொன்றுக்கு எட்டாகியிருந்தது. நோய் வருமுன் அவருடைய கணக்கு இருபது.

இரத்த அழுத்தம் பார்த்து முடித்தபின் மகள் தம் கைப்பேசியை எங்கள் முன் நீட்டினார். மான்செஸ்டரில் பணிபுரியும் அண்ணன் அனுப்பிய ஆறு படங்கள் அதில் இருந்தன. பேனா போன்றது ஒன்று, தீப்பெட்டியளவில் ஒன்று, புகைபோக்கி வைத்த சிறு டப்பா போன்றது ஒன்று என ஆறும் ஆறு வடிவம். "அண்ணன் அடுத்த மாசம் வர்றாருங்க. இதுல அப்பாவுக்கு ஆரம்பத்துக்கு எது தோதா இருக்குமுன்னு நீங்க சொன்னா, வாங்கியாறச் சொல்லிருவமுங்க" என்றார். தந்தை சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். "என்னமோ பண்ணுங்க சாமி. வுட முடிஞ்சிருந்தா எப்பவோ வுட்டிருப்பனுங்க" என்பது மட்டுமே அவர் சொன்னது.

இக்கேள்வியை எங்களிடம் கேட்ட குடும்பம் இது ஒன்றன்று. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்தும், கல்லூரி செல்லும் மகனின் பையில் இனிப்பு மணக்கும் ஒரு கருவியைக் கண்ட வீடுகளிலிருந்தும் இது வருகிறது. கேட்பவர்கள் அனைவரும் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆகவே "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லோடு அவர்களை அனுப்பிவிடாமல், எங்கள் விடையை முழுமையாக எழுதிவைப்பது முறை என்று கருதினோம். அக்குடும்பத்தின் இசைவோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இங்கே தருகிறோம்.

அயல்நாட்டில் அதைப் பரிந்துரைப்பது ஏன்?

மின்னணு சிகரெட் எனப்படும் இக்கருவியை இன்றைய வடிவில் 2003-ஆம் ஆண்டு உருவாக்கியவர் ஹான் லிக் என்னும் சீன மருந்தாளுநர். அவரே புகைப்பழக்கம் உடையவர். கருவியின் அமைப்பு எளியது. மின்கலம் ஒன்று, அதனால் சூடேறும் சிறு கம்பிச்சுருள் ஒன்று, அச்சுருளை நனைக்கும் திரவம் ஒன்று. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகிய இரண்டும் கலந்த அத்திரவத்தில் நிகோட்டினும் மணமூட்டிகளும் சேர்க்கப்பட்டிருக்கும். இழுக்கும்போது திரவம் ஆவியாகி நெஞ்சுக்குள் செல்கிறது. எதுவும் எரிவதில்லை. சிகரெட் புகையில் உள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுள் மிகுந்த கேடு விளைவிப்பவை புகையிலை எரிவதால் உண்டாகும் தாரும் கார்பன் மோனாக்சைடும்தாம். எரிதல் இல்லையெனில் அவ்விரண்டும் பெரும்பாலும் இல்லை. பிரிட்டனின் மருத்துவர்கள் இக்கருவிக்கு இடம் கொடுத்ததன் அடிப்படை இதுவே.

அங்கே 2023-ஆம் ஆண்டு, புகைப்பவர் பத்து இலட்சம் பேருக்குத் தொடக்கநிலைக் கருவியும் ஆலோசனையும் வழங்கும் திட்டத்தை அரசே அறிவித்தது. அங்குள்ள ஆலோசகர்கள் புதிதாகத் தொடங்குபவரிடம் முதலில் கேட்பது கருவியின் வடிவத்தையோ வண்ணத்தையோ பற்றியதன்று. நாளுக்கு எத்தனை சிகரெட், எழுந்தபின் முதல் சிகரெட் எவ்வளவு நேரத்தில் என்பவற்றைத்தான் கேட்கிறார்கள். அதற்கேற்ப நிகோட்டினின் செறிவைத் தேர்ந்து, கையாள்வதற்கு எளிதான சிறு கருவியைக் கொடுக்கிறார்கள். செறிவு மிகாதிருக்க அங்கே சட்ட வரம்பும் உண்டு. ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோட்டின் இருத்தல் கூடாது. இந்த "எவ்வளவு, எப்போது" என்ற கேள்விகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம்முடைய ஊரின் விடையும் இவற்றிலிருந்தே தொடங்குகிறது.

அங்கே 886 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளிவந்த ஆய்வொன்றில், மின்னணு சிகரெட்டைப் பயன்படுத்தியவர்களுள் 18 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் சிகரெட்டைத் தொடாதிருந்தனர். நிகோட்டின் கம், பேட்ச் முதலியவற்றைப் பயன்படுத்தியவர்களுள் அவ்வாறிருந்தோர் 9.9 விழுக்காட்டினர். இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அதே ஆய்வின் மற்றொரு கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிகரெட்டை விட்டவர்களுள், மின்னணுக் கருவி பெற்ற பிரிவினரில் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் அக்கருவியைக் கைவிடவில்லை. கம், பேட்ச் பெற்ற பிரிவினரில் அவற்றைத் தொடர்ந்தவர்கள் 9 விழுக்காட்டினரே. ஒன்று சிகரெட்டை விடச் செய்து தான் தங்கிவிடுகிறது. மற்றொன்று, உதவும் இடங்களில், வேலை முடிந்ததும் விடைபெறுகிறது.

இங்கே அது ஏன் கூடாது?

முதற்காரணம் சட்டம். தமிழ்நாடு அரசு 2018-இலேயே இதற்குத் தடை விதித்தது. மறு ஆண்டு மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத்தடையைப் பரிந்துரைத்தது. 2019 செப்டம்பர் 18-ஆம் நாள் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தும் குற்றம். முதன்முறை ஓராண்டு வரை சிறையோ ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் வரை அபராதமும் உண்டு. இருப்பு வைத்தல் தனிக் குற்றம். அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம். எந்த அளவில், எந்த வகையில் வைத்திருந்தாலும் அது சட்டமீறலே என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2023-இல் விளக்கமும் தந்துவிட்டது. ஆகவே "அப்பாவுக்காக ஒன்றே ஒன்று" என்று பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் பிள்ளையும் விமான நிலையத்தில் சிக்கலுக்கு ஆளாகலாம். சிங்கப்பூரில் வேலை செய்வோருக்கும் ஒரு சொல்: அங்கே 2018 பிப்ரவரி முதல் அதை வைத்திருப்பதும் இழுப்பதுமே குற்றம்.

சட்டத்தை மட்டும் காட்டிப் பேச்சை முடித்துக்கொள்ள எங்களுக்கு விருப்பமில்லை. பிரிட்டனில் அத்திரவத்தின் உட்பொருளைக் கண்காணிக்க ஓர் அமைப்பு இருக்கிறது. இங்கே மறைவாக விற்கப்படுவதன் உள்ளே இருப்பது என்னவென்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கண்காணிப்பற்ற திரவம் என்ன செய்யும் என்பதை அமெரிக்கா 2019-இல் கண்டது. 2020 பிப்ரவரி வரை அங்கே 2,807 பேர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்; 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களில் கலப்படமாகச் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெய்ப்பொருளே அதற்கு முதன்மைக் காரணம் என்று கண்டறிந்தனர். சிகரெட்டை விடுவதற்காகச் சாதாரண நிகோட்டின் திரவம் பயன்படுத்தியவர்களுக்கு அந்நோய் பரவலாக வரவில்லை என்பதும் உண்மை. ஆயினும் எது எந்தத் திரவம் என்று அறியும் வழி இல்லாத சந்தையில் அவ்வேறுபாடு நமக்கு உதவாது. இன்னொன்று, நிகோட்டின் திரவம் குழந்தைகளுக்கு நஞ்சு. பழமணம் வீசும் சிறு குப்பியைப் பேரக்குழந்தை வாயில் வைத்தால் சில மில்லிலிட்டரே உயிருக்கு ஆபத்தாகக்கூடும்.

நாங்கள் மிகுதியாகக் காண்பது வேறொரு தீங்கு. கருவி வாங்கியவர்களுள் பலர் சிகரெட்டை விடுவதில்லை. வீட்டுக்குள் அது, வெளியே இது என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு எட்டு சிகரெட்டும் எட்டு சிகரெட்டுதான். புகையின் அளவு பாதியானால் மாரடைப்பின் அச்சமும் பாதியாகிவிடும் என்று எண்ணுவது பிழை. நாளுக்கு ஒன்றிரண்டு புகைப்பவருக்கும் இதயநோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவரைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே இருக்கிறது.

இவ்வளவும் கேட்டபின் மகள் கைப்பேசியை மூடிவைத்தார். "அப்ப இங்க என்னதானுங்க இருக்குது?" என்றார். இக்கட்டுரையின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்கான விடையே.

மருந்துக்கடையில் இருக்கும் கருவி

1960-களின் பிற்பகுதியில் ஸ்வீடன் நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களில் பணிபுரிந்தோர், உள்ளே புகைக்க இயலாத நாள்களில் வாயில் புகையிலையை அதக்கிக்கொண்டு சமாளிப்பதை ஓர் ஆராய்ச்சியாளர் கவனித்தார். அச்செய்தியைக் கேட்ட ஓவே ஃபெர்னோ என்னும் மருந்தியலாளர், புகையிலை இல்லாமல் நிகோட்டினை மட்டும் ஒரு கம்முக்குள் வைக்க முடியுமா என்று முயன்றார். 1978-இல் சுவிட்சர்லாந்தில் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது. 2009-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துப் பட்டியலில் நிகோட்டின் மாற்று மருந்துகள் இடம்பெற்றன. 2022-இல் நம் நாட்டின் இன்றியமையாத மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தன. தொண்டாமுத்தூர் கடைவீதியில் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் இது இருக்கும், அல்லது மறுநாள் வரவழைத்துத் தருவார்கள். 2 மில்லிகிராம் கம்முக்கு மருந்துச் சீட்டு தேவையில்லை. 4 மில்லிகிராமுக்குத் தேவை.

"அதெல்லாம் மென்னு பாத்தாச்சுங்க, எரியுதுங்க, விக்கல் எடுக்குதுங்க, ஒண்ணும் நிக்கல" என்றார் தந்தை. இதை நாங்கள் வாரந்தோறும் கேட்கிறோம். எப்படி மென்றார் என்று கேட்டோம். வெற்றிலை போடுவதைப் போல மென்று சாற்றை விழுங்கியிருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு. நான்காம் நாள் நிறுத்திவிட்டார்.

கம்மை வெற்றிலையைப் போல மெல்லக் கூடாது. நிகோட்டின் வயிற்றில் சேர்ந்தால் பயனில்லை. எரிச்சலும் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். அது கன்னத்தின் உட்தோல் வழியே இரத்தத்தில் சேர வேண்டும். எனவே மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை மெல்ல வேண்டும். மிளகு கடித்தாற்போன்ற காரமோ சுரசுரப்போ நாவில் தெரிந்தவுடன் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே அதக்கிக்கொள்ள வேண்டும். காரம் அடங்கியபின் மீண்டும் சிலமுறை மென்று, மறுபக்கக் கன்னத்தில் அதக்க வேண்டும். இப்படி அரைமணி நேரம் ஒரு கம் வரும். மெல்லுவதற்குக் கால்மணி நேரம் முன்பும், வாயில் இருக்கும்போதும் காப்பி, தேநீர், எலுமிச்சைச் சாறு, சோடா எதுவும் கூடாது. அவை வாயின் தன்மையைப் புளிப்பாக்கி, நிகோட்டின் உட்செல்வதைத் தடுத்துவிடும். நம் வீடுகளில் காப்பியும் சிகரெட்டும் ஒட்டிப்பிறந்தவை போல இருப்பதால், இந்த ஒரு விதியே பலருடைய முயற்சியைக் கெடுத்துவிடுகிறது. காப்பியை முதலில் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக் கால்மணி நேரம் பொறுத்துக் கம்மை எடுக்கலாம்.

அடுத்தது வலிமை. காலையில் கண்விழித்து அரைமணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம். அதற்குமேல் பொறுக்கக்கூடியவருக்கு 2 மில்லிகிராம். உடல் எவ்வளவு நிகோட்டினுக்குப் பழகியிருக்கிறது என்பதை நாளுக்கு எத்தனை என்ற கணக்கைவிட இந்த முதல் சிகரெட்டின் நேரம் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். எங்கள் நோயாளியின் முதல் சிகரெட் விடியற்காலை நாலரை மணிக்கு, சாளைத் திண்ணையில், எழுந்த பத்தாவது நிமிடத்தில்.

மூன்றாவது எண்ணிக்கை. நாளுக்கு இருபது புகைத்தவர் இரண்டு கம்மோடு நாளைக் கழிப்பது, நாலு மடை பாய வேண்டிய தோட்டத்துக்கு ஒரு குடம் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று. அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று. அதற்கடுத்த மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. ஆகப் பன்னிரண்டு வாரம். நாளுக்கு இருபத்துநான்கைத் தாண்டக் கூடாது. "இத்தனை நிகோட்டின் எடுத்தால் கேடில்லையா" என்று குடும்பத்தார் அஞ்சுகிறார்கள். 2 மில்லிகிராம் கம்மிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான் உடலில் சேர்கிறது. ஒரு சிகரெட்டிலிருந்து சேர்வதும் ஏறத்தாழ அவ்வளவே. கூடவே தாரும் கார்பன் மோனாக்சைடும் சேர்கின்றன. சிகரெட்டின் நிகோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. கம்மின் நிகோட்டின் எட்ட இருபது முப்பது நிமிடம் ஆகும். அந்த "சுர்" என்ற இழுப்பின் இன்பம் கம்மில் கிடைக்காது. கிடைக்காதது குறையன்று, அந்த விரைவே ஒருவரைச் சிகரெட்டுக்கு அடிமையாக்குகிறது. ஆனால் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், கம் வேலை செய்யவில்லை என்று எண்ணி விட்டுவிடுவார்கள்.

பல்செட் வைத்திருப்பவருக்குக் கம் ஒட்டிக்கொள்ளும். அவருக்கும், மென்றுகொண்டே இருப்பதை விரும்பாதவருக்கும் பேட்ச் ஏற்றது. நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர் 21 மில்லிகிராமில் தொடங்கி ஆறு வாரம், பின் 14-இல் இரண்டு வாரம், 7-இல் இரண்டு வாரம் என்று இறங்குவது வழக்கம். காலையில் குளித்துத் துடைத்தபின் மேற்கையிலோ மார்பின் மேற்புறத்திலோ முடியில்லாத இடத்தில் ஒட்டி, பத்து நொடி உள்ளங்கையால் அழுத்தவேண்டும். நாள்தோறும் இடம் மாற்ற வேண்டும். இல்லையேல் தோல் சிவந்து அரிக்கும். தோட்ட வேலையில் வியர்வைக்கு உரிந்துவிடுகிறது என்போர், வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரமாவது முன்னதாக ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் நிற்கும். இரவில் கெட்ட கனவு வந்தால் படுக்குமுன் எடுத்துவிடலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் செல்கையில் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் சிலவற்றில் உலோகப்படலம் உண்டு. எடுத்த பேட்சை மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி எறிய வேண்டும். பயன்படுத்தியபின்னும் அதில் நிகோட்டின் மீதமிருக்கும்.

பேட்சும் கம்மும் சேர்ந்தால் தனியொன்றைவிட நல்ல பயன் தருகின்றன. பேட்ச் நாள் முழுவதும் அடித்தளமாக நிற்கிறது; திடீரென்று வேட்கை எழும் ஐந்து நிமிடத்துக்குக் கம் கைகொடுக்கிறது. எங்கள் நோயாளிக்கு அவருடைய இதயநோய் மருத்துவரிடம் தொலைபேசியில் கலந்து, 21 மில்லிகிராம் பேட்சும், தேவைப்படும்போது 2 மில்லிகிராம் கம்மும் எழுதினோம். மாரடைப்பு வந்து இரண்டு வாரத்துக்குள் இருப்பவர், நெஞ்சுவலி அடிக்கடி வருபவர், கருவுற்றிருப்பவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் தாமாக இவற்றைத் தொடங்கக் கூடாது. எனினும் இதயநோயாளிக்குக் கம்மைவிட, பேட்சைவிட, சிகரெட்டே பன்மடங்கு கொடியது என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை.

இவை போதாதவர்க்கு வரெனிக்லின், புப்ரோபியான் என இரு மாத்திரைகள் உண்டு. வரெனிக்லினை விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவருக்குப் புப்ரோபியான் ஆகாது. இரண்டும் மருத்துவர் எழுதித்தான் தரவேண்டும்.

பீடி புகைப்பவர் "எனக்கு இது பொருந்துமா, நான் சிகரெட் பிடிப்பதில்லையே" என்று கேட்பதுண்டு. பொருந்தும். 2016–17-இல் நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களுள் சிகரெட் புகைப்போர் 4 விழுக்காடு, பீடி புகைப்போர் 7.7 விழுக்காடு. பீடி அணையாதிருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் சிறியதென்று அதை எளிதாக எண்ண வேண்டாம். "மூலிகை சிகரெட்" என்று விற்பவையும் எரிபவையே; புகையில் தாரும் கார்பன் மோனாக்சைடும் இருக்கும்.

சிகரெட்டுக்குப் பதில் பாக்கைக் கடித்துக்கொள்வதும் இங்கே வழக்கம். பாக்குத் தோப்புகளின் நடுவே இருந்துகொண்டு இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆயினும் புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. வாய்ப்புற்றுக்கு முன்னோடியாக வாய் திறக்க இயலாமல் இறுகும் நோயை நாங்கள் இப்பகுதியில் காண்கிறோம். வாய்க்கு ஏதேனும் வேண்டுமெனில் சோம்பு, கிராம்பு, நெல்லிக்காய் வற்றல் போதும்.

விட்டபின் வீட்டார் அறிய வேண்டியவை

புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, சில மருந்துகளையும் காப்பியின் காஃபீனையும் விரைவாகக் கரைக்கச் செய்கின்றன. இதைச் செய்வது நிகோட்டின் அன்று, புகை. எனவே கம்மோ பேட்சோ பயன்படுத்தினாலும் புகையை விட்டவுடன் இந்தத் தூண்டுதல் அடங்கிவிடும். அதே நாலு டம்ளர் காப்பி இப்போது ஏறத்தாழ இருமடங்கு வேலை செய்யும். படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை தோன்றும். "சிகரெட்டை விட்டதால்தான் இப்படி" என்று எண்ணிப் பலர் திரும்பிப் போகிறார்கள். முதல் இரண்டு வாரம் காப்பியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். ஆஸ்துமாவுக்கோ நாள்பட்ட மூச்சடைப்புக்கோ தியோஃபிலின் சாப்பிடுபவர், மனநலத்துக்காகக் குளோசப்பின் சாப்பிடுபவர், இன்சுலின் போடுபவர் ஆகியோர் விடுவதற்கு முன்பே எங்களிடம் சொல்ல வேண்டும்; அளவை மாற்ற நேரலாம். இது அதிகம் பேசப்படாத செய்தி. இதற்காகவே இக்கட்டுரையை எழுதலாம் என்றுகூட எங்களுக்குத் தோன்றியது.

எரிச்சலும் சினமும் முதல் மூன்று நாளில் உச்சத்தை எட்டி, இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். மலச்சிக்கல் வரலாம். இருமல் சிலகாலம் கூடுவதும் உண்டு. எடை சில கிலோ ஏறும். இக்காலத்தில் வீட்டார் செய்யத் தகாதது ஒன்று: சட்டைப் பையைத் துழாவுவது. செய்யத் தக்கது: வழக்கமாகப் பற்றவைக்கும் அந்த இடத்தையும் நேரத்தையும் மாற்ற உதவுவது. நாலரை மணித் திண்ணை, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய கிணற்றடி, சந்தை முடிந்த தேநீர்க்கடை என்று எங்கள் நோயாளிக்கு மூன்று இடங்கள் இருந்தன. விடும் நாளையும் முன்பே குறிக்க வேண்டும். நாள் பார்ப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. அது இரண்டு வாரத்துக்குள் இருந்தால் சரி. அறுவைச்சிகிச்சை காத்திருப்போர் நான்கு வாரமாவது முன்னதாக விட்டால் காயம் ஆறுவதும் மூச்சும் நன்றாயிருக்கும்.

நேரில் வர இயலாதவர்க்கு 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை கைவிடல் உதவி எண் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சிகரெட் பெட்டியின் மீதே அந்த எண் அச்சாகியிருக்கிறது. 2018 முதல் அது கட்டாயம். 011-22901701 என்ற எண்ணுக்குத் தவறிய அழைப்பு கொடுத்தால் கைப்பேசியில் குறுஞ்செய்திகளாக வழிகாட்டுதல் வரும்.

இனி அந்தத் தந்தையைப் பற்றி. ஆவணி பிறந்த இரண்டாம் நாள் அவர் நிறுத்தினார். மகன் மான்செஸ்டரிலிருந்து வந்தபோது கருவி எதுவும் கொண்டுவரவில்லை. தந்தையோடு மூன்று வாரம் காலையில் சாளைத் திண்ணையில் உட்காராமல் வாய்க்கால் வரப்பு வரை நடந்தார். கார்த்திகையில் உறவினர் ஒருவரின் இழவு வீட்டில் இரவு விழித்திருந்தபோது மூன்று சிகரெட் புகைத்துவிட்டார். அப்போது அவர் பேட்சின் கடைசிக் கட்டத்தையும் முடித்திருந்தார். மறுநாளே எங்களிடம் வந்து, "தப்புப் பண்ணிட்டனுங்க, மறுபடியும் மொதல்ல இருந்துங்களா?" என்று கேட்டார். முதலிலிருந்து தேவையில்லை, இழவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகும்போது பையில் நாலு கம் வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். பேட்ச் ஒட்டியிருக்கையில் ஒருவர் தவறிப் புகைத்துவிட்டாலும் அஞ்சிப் பேட்சை உரித்தெறிய வேண்டியதில்லை. சிகரெட்டை அணைத்துவிட்டுப் பேட்சைத் தொடர்வதே சரி. அச்சத்தில் பேட்சை எறிந்துவிட்டு சிகரெட்டை வைத்துக்கொண்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தை மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார். இசிஜி முன்போலவே நன்றாக இருந்தது. கம் வாரத்துக்கு இரண்டு மூன்று என்ற அளவுக்கு வந்திருந்தது. எடை மூன்று கிலோ கூடியிருந்தது. மகளுக்கு அது குறை. எல்லாம் எழுதி முடித்துச் சீட்டைக் கையில் கொடுத்தபின்பும் அவர் எழவில்லை.

"காப்பிய இன்னும் ரெண்டு டம்ளரோடயே நிறுத்தி வெச்சிருக்கறாங்க. அதை எப்ப நாலாக்கிக்கலாமுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..." என்றார், மகளை ஓரக்கண்ணால் பார்த்தபடி. மூன்றாக்கலாம் என்று எழுதிக்கொடுத்தோம்.